நானூற்றுப் பன்னிரண்டு பெயர்களும் ஒரு சுற்றறிக்கையும்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் சங்கத் தலைவர் ஐயா கோவிந்தராஜுலு அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் சகோதரச் சங்கங்களின் பொறுப்பாளர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த செயலாளரின் துணைவியார் அண்ணி வெங்கடம்மாள் அவர்களே, ஐதராபாத்திலிருந்து வந்திருக்கும் அவருடைய மகள் பூஜிதா அவர்களே, பட்டறையை அரைநாள் சாத்திவிட்டு வந்திருக்கும் உரிமையாளர்களே, சாத்துவதற்குப் பட்டறையே இல்லாமல் வந்திருக்கும் பழைய உறுப்பினர்களே, லேத்திலும் டிரில்லிங்கிலும் மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றுவதிலும் வேலை பார்த்த, இன்னமும் பார்க்கிற தொழிலாளத் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் மருதாசலம். இந்தச் சங்கத்தின் இணைச் செயலாளர். நம் செயலாளர் பாலகோபால் அண்ணன் காலமாகி இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. பதினெட்டு ஆண்டுகள் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவன் என்பதால் என்னை முதலில் பேசச் சொன்னார்கள். நான் பேச்சாளன் அல்ல. மேடைப் பேச்சு, மந்திரியிடம் பேச்சு, அதிகாரியிடம் பேச்சு எல்லாம் அவர் பார்த்துக்கொண்டார். நான் கோப்பைச் சுமந்துகொண்டு பின்னால் போனவன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு மிகவும் அசதியாக இருக்கிறது. துக்கத்தால் வந்த அசதி மட்டும் அல்ல. ஒரே மனுவைத் தேதி மாற்றித் தேதி மாற்றிப் பதினெட்டு ஆண்டு தட்டச்சு செய்தவனுக்கு வருகிற அசதி. இங்கே உட்கார்ந்திருக்கிற பலருடைய முகத்திலும் அதுதான் தெரிகிறது. அதனால் உங்களைத் தட்டி எழுப்புகிற மாதிரி பேச எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன். நடந்ததில் இதுவரை யாரும் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. அதையும் இன்று சொல்லித்தான் ஆகவேண்டும்.

பாலகோபால் அண்ணன் யார்? காரமடைப் பக்கம் பருத்தி போட்ட குடும்பம். அவர் அப்பா காலத்தில் மில்லுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கப் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பட்டறை போட்டார்கள். மில்கள் படுத்தபிறகு, அதே பட்டறையை அண்ணன் மோட்டார் பம்புக்கு மாற்றினார். காயில் சுற்றுவது, ஷாஃப்ட் கடைவது, பூட்டிப் பெரிய கம்பெனிக்கு அனுப்புவது. நல்ல காலத்தில் பதினாறு பேர் வேலை பார்த்தார்கள். கடைசியில் மூன்று பேர்.

நான் யார்? என் அப்பாவும் அம்மாவும் இவர்களைப் போன்ற குடும்பங்களின் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். நான் ஐ.டி.ஐ. படித்து, லேத் ஓட்டுகிற டர்னராக இருந்து, இரண்டு பழைய லேத்தை வாங்கிப் போட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கியவன். என்னை இணைச் செயலாளர் ஆக்கலாம் என்று பதினெட்டு ஆண்டுக்கு முன்னால் பொதுக்குழுவில் முன்மொழிந்தவர் பாலகோபால் அண்ணன். அன்று கூட்டத்துக்கு வரவேண்டிய சிலருக்குத் திடீரென்று வேறு வேலை வந்துவிட்டது. என்ன வேலை என்று எனக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். "வந்தவங்க போதும்ங்க, தீர்மானம் போடற அளவுக்கு ஆள் இருக்குது" என்று சொல்லித் தீர்மானத்தை நிறைவேற்றினார். அதைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு நாளும் அவர் பேசியதில்லை. நானும் பேசியதில்லை.

நண்பர்களே, அவரைப் போராளி என்று சுவரொட்டியில் போட்டிருக்கிறீர்கள். அவர் பார்த்தால் சிரித்திருப்பார். அவர் கோஷம் போட்டு நான் பார்த்ததில்லை. அரசாங்கத்தைத் திட்டி அவர் பேசியதும் இல்லை. வெளிநாட்டுக் கம்பெனிகள் நம் மாநிலத்துக்கு வருகிறபோது, "வரட்டும்ங்க, நம்ம பசங்கதானே வேலைக்குப் போறாங்க" என்பார். திட்டுவதெல்லாம் நம்மைத்தான். முப்பது வருடத்து லேத்தை வைத்துக்கொண்டு உலகத்தோடு போட்டி போட முடியவில்லை என்று அழுகிறாயே, ஒரு புது மிஷின் வாங்கினாயா என்று கேட்பார். நாலு வருடமாக ஒரே சம்பளம் கொடுத்துவிட்டு ஆள் நிற்கவில்லை என்கிறாயே, நீ நிற்பாயா என்று கேட்பார். சங்கத்தில் அவருக்கு ஓட்டுப் போட்டவர்களை விட அவரிடம் பேச்சு வாங்கியவர்கள் அதிகம்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் விடமாட்டார். ஒரு சம்பவம் சொல்கிறேன். ஏழெட்டு ஆண்டு இருக்கும். சென்னைக்குப் போயிருந்தோம். குறுந்தொழிலுக்கு அரசு என்ன செய்யலாம் என்று கருத்துக் கேட்டு ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் ஒரு கட்டம்: 'கடந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் நிறுவனத்தில் புதிதாக உருவான வேலைவாய்ப்புகள்.' அண்ணன் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு படிவம் கொடுத்த அதிகாரியிடம் கேட்டார்.

"ஏனுங்க, போன வேலையை எங்கீங்க எழுதறது?"

அதிகாரி நல்ல மனிதர். எங்களுக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தவர். "அதுக்குக் கட்டம் இல்லைங்க சார்" என்றார்.

"நாலு பேரைச் சேத்திக்கிட்டு ஒம்பது பேரை அனுப்பீட்டா, இதுல நாலுன்னு வருமுங்களா?"

"ஆமாங்க. நாலுன்னு வரும்."

அண்ணன் என்னிடம் ஸ்கேல் கேட்டார். என் பையில் எப்போதும் ஒரு ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் இருக்கும், தொழில் புத்தி. அதை வாங்கி, அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் பேனாவால் கோடு கிழித்து இன்னொரு கட்டம் போட்டார். 'போன வேலைகள்' என்று தலைப்பு எழுதி, ஒன்பது என்று நிரப்பிக் கொடுத்தார். "இப்படிக் குடுத்தா கம்ப்யூட்டர்ல ஏறாதுங்க சார்" என்றார் அதிகாரி. "ஏறாட்டிப் போகுதுங்க, நீங்களாவது பாத்தீங்களே" என்றார் அண்ணன்.

கொள்கை கொள்கை என்கிறோமே, அது நமக்கு எப்படி வந்து சேருகிறது? கோட்டையில் அறிவிப்பாகப் புறப்படுகிறது. நம் பட்டறைக்கு வரும்போது ஒரு படிவமாக, ஒரு ரசீதாக, ஒரு மீட்டராக வந்து நிற்கிறது. அங்கே கையெழுத்துப் போட்டவருக்கு இங்கே சுவரில் இருக்கிற மீட்டர் தெரியாது. தெரியவில்லை என்பது அவர் குற்றம் அல்ல. போய்ச் சொல்லுகிற வேலைதான் சங்கத்தின் வேலை என்பார் அண்ணன். எத்தனை தடவை சொன்னோம்! கேட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு தடவையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

இப்போது லோடு விஷயத்துக்கு வருகிறேன். வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். ஒரு பட்டறை இத்தனை எச்.பி. வரை மிஷின் ஓட்டலாம் என்று மின் அலுவலகத்தில் அனுமதி வாங்குகிறோம். அதைத்தான் நாங்கள் லோடு என்போம். எங்கள் ஊரில் மனிதனுடைய மதிப்பே அதில்தான். நிலம் எத்தனை ஏக்கர் என்று அந்தக் காலத்தில் கேட்டார்கள். இப்போது பொண்ணு கேட்டுப் போகிற வீட்டில், "பையன் கம்பெனி எத்தனை எச்.பி.ங்க?" என்று கேட்கிறார்கள். பத்து எச்.பி. என்றால் காபி வரும். நாற்பது என்றால் பலகாரத்தோடு வரும். சிரிக்கிறீர்கள். உங்களில் பாதிப்பேர் கல்யாணம் அப்படித்தான் நடந்தது.

ஐந்து ஆண்டுக்கு முன்னால் ஒரு அறிவிப்பு வந்தது. விரிவாக்கம் செய்கிற குறுந்தொழில்களுக்கு முன்னுரிமை, சலுகை, கடன் என்று சொன்னார்கள். உடனே நம் சங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போயிற்று. உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். 'உறுப்பினர்கள் இந்த வாய்ப்பைத் தவறவிடாமல், வரப்போகும் வளர்ச்சியை மனத்தில் கொண்டு, லோடை இப்போதே உயர்த்தி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் கிடைப்பது கடினம்.' அடியில் செயலாளர் பாலகோபால் என்று கையெழுத்து.

அறுபத்து மூன்று பேர் ஏற்றினார்கள். தேவை இருந்தவர்கள் ஏற்றினார்கள். தேவை இல்லாதவர்களும் பக்கத்துப் பட்டறைக்காரன் ஏற்றிவிட்டான் என்று ஏற்றினார்கள். பத்து இருபது ஆயிற்று, இருபது நாற்பது ஆயிற்று. மீட்டர் போர்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜை போட்டவர்களை எனக்குத் தெரியும்.

அந்த வளர்ச்சி வந்ததா? வரவில்லை. வடக்கே ஒரு மாநிலத்தில் மின்சாரத்துக்குச் சலுகை, இடத்துக்குச் சலுகை கொடுத்து மோட்டார் கம்பெனிகளை உட்கார வைத்தார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, அது அவர்கள் கொள்கை. நாம் வழக்கமாகச் சரக்கு கொடுக்கிற கம்பெனியின் கொள்முதல் அதிகாரி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். "அங்கிருந்து லாரில வந்து எங்க கேட்ல எறங்கற மோட்டார், உங்க வெலைய விடக் கம்மியா இருக்குதுங்க மருதாசலம். நான் என்னங்க பண்ணட்டும்?" அவரும் கோயமுத்தூர்க்காரர்தான். அவருக்கும் மேலே ஒருவர் கேள்வி கேட்கிறார். நான் என் டைரியை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆர்டர் குறைந்தது. மிஷின் நின்றது. அந்தச் சமயம் பார்த்து நிலைக் கட்டணத்தை உயர்த்தினார்கள். நிலைக் கட்டணம் என்றால், மிஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும், வாங்கி வைத்திருக்கிற லோடுக்குக் கட்ட வேண்டியது. எவன் எவன் பெருமைக்கும் ஆசைக்கும் லோடு ஏற்றினானோ அவனெல்லாம் ஓடாத மிஷினுக்கு மாசாமாசம் கட்டினான். குறைக்கலாம் என்று போனால் விண்ணப்பம், ஆய்வு, மறு ஆய்வு. ஏறும்போது ஒரு வாரத்தில் ஏறியது, இறங்கும்போது எட்டு மாதம் ஆனது. கட்ட முடியாதவர்கள் முதலில் ஆளைக் குறைத்தார்கள். பிறகு மிஷினை விற்றார்கள். பிறகு ஷட்டரை இறக்கினார்கள்.

கோபம் யார் மேல் வந்தது? கட்டணத்தை ஏற்றியவர்கள் தூரத்தில் இருக்கிறார்கள். சுற்றறிக்கை அனுப்பியவர் பக்கத்தில் இருக்கிறார். மூன்று ஆண்டுக்கு முன்னால் நடந்த பொதுக்குழு உங்களுக்கு நினைவிருக்கும். நம் உறுப்பினர் ஜெரோம், இதோ இரண்டாவது வரிசையில் இருக்கிறார், எழுந்து நின்று கேட்டார். "இந்த சர்க்குலரை எழுதுனது யாருங்க? எழுதுனவரு எந்திரிச்சு நின்னு பதில் சொல்லட்டும்ங்க."

பாலகோபால் அண்ணன் எழுந்து நின்றார். "கையெழுத்து என்னதுங்க ஜெரோம். என்ன பேசறதா இருந்தாலும் என்னையப் பேசுங்க" என்றார்.

பேசினார்கள். ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் இங்கே அந்தச் சொற்களைத் திரும்பச் சொல்லப் போவதில்லை, அண்ணி உட்கார்ந்திருக்கிறார்கள். பதினேழு பேர் அன்றே சங்கத்தை விட்டு விலகினார்கள். அண்ணன் கடைசிவரை நின்றுகொண்டே இருந்தார். அவர் உட்காரவில்லை.

மறுநாள் காலையில் தன் வண்டியை எடுத்தார். அறுபத்து நான்கு வயது அவருக்கு. லோடு ஏற்றிய அறுபத்து மூன்று பட்டறைக்கும் போனார். லோடைக் குறைக்கிற விண்ணப்பத்தைத் தன் கையால் நிரப்பிக் கொடுத்தார். விலகிப் போனவர்கள் பட்டறைக்கும் போனார். வாசலிலேயே நிற்க வைத்தவர்கள் உண்டு. உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லி அனுப்பியவர்கள் உண்டு. மறுபடி போனார். இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் விண்ணப்பத்தில் அவருடைய கையெழுத்து இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

அப்படிப் போகிற இடத்திலெல்லாம் இன்னொன்றும் கேட்டார். லோடு ஏற்றியபோது உன்னிடம் வேலை பார்த்து, இப்போது இல்லாதவர்கள் யார் யார்? எண்ணிக்கை சொன்னால் ஏற்கமாட்டார். பெயர் வேண்டும். என்ன வேலை பார்த்தார், இப்போது எங்கே இருக்கிறார் என்று வேண்டும். எனக்கு அலுப்பாக இருந்தது. "எதுக்குங்ணா பேரெல்லாம்? ஐந்நூறு பேருன்னு ஒரு ரவுண்டா எழுதீட்டாப் போவுது" என்றேன்.

"ஐந்நூறுன்னு எழுதினா அவங்களும் ஒரு நம்பரை எடுத்துப் போடுவாங்க மருதாசலம். அவங்க நம்பர் நம்மளதை விடப் பெருசா இருக்கும். பேரைப் படிச்சா உக்காந்து கேக்கோணும் இல்லீங்களா" என்றார்.

அந்தப் பட்டியலில் முதல் பெயர் சின்னத்தாயி. அண்ணன் பட்டறையிலேயே இருபத்திரண்டு ஆண்டுகள் காயில் சுற்றியவர். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இப்போது துடியலூரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பருப்பு பொட்டலம் போடுகிறார். இந்தக் கூட்டத்துக்காக ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார், அங்கே விடுப்பு எடுத்தால் சம்பளம் கிடையாது. துக்க வீட்டில் அவர் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "என்னைய வேலைய விட்டு நிறுத்தறதுக்கு முந்துன நாளு, நோட்டுல எம் பேரை எழுதி என்னையப் படிக்கச் சொன்னாருங்க. பேரு சரியா இருக்குதான்னு பாருங்க அம்மணி, மொதல்ல உங்களதத்தான் வாசிப்பேன்னாரு. நான் கோவமா ஒண்ணும் பேசாம வந்துபோட்டேனுங்க. இப்ப நெனச்சா வருத்தமா இருக்குது." இதுதான் அவர் சொன்னது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மின் கட்டணம் பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டம் கோவையில் நடக்கிறது. உங்களுக்குத் தெரியும். நம் சங்கத்துக்கு ஐந்து நிமிடம். அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கிற நானூற்றுப் பன்னிரண்டு பெயரை ஐந்து நிமிடத்தில் படிக்க முடியாது. அண்ணன் கடிகாரம் வைத்துப் படித்துப் பார்த்திருக்கிறார், வேகமாகப் படித்தாலும் எழுபது எண்பதுக்கு மேல் போகவில்லை. "எழுபது பேரைப் படிச்சுப்போட்டு, மீதியை மேசை மேல வெச்சுட்டு வந்தர்லாம்ங்க" என்றார். கூடவே ஒரே ஒரு கோரிக்கை. வாங்கி வைத்த லோடுக்கு அல்ல, ஓட்டுகிற லோடுக்குக் கட்டணம் போடுங்கள். குறுந்தொழிலுக்கு மட்டுமாவது போடுங்கள்.

பெயர் கேட்டு அவர் கடைசியாகப் போன பட்டறை ஜெரோமுடையது. மூன்று ஆண்டில் நான்கு முறை திரும்பி வந்த பிறகு, ஐந்தாவது முறை ஜெரோம் உள்ளே கூப்பிட்டார். பதினோரு பெயர் கொடுத்தார். மறுநாள் காலையில் அண்ணனுக்கு நெஞ்சு வலி. இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

இன்று இந்த மண்டபத்தின் வாசலில் ஜெரோம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு அவருக்கு ஒரு டீ கூட வாங்கிக் குடுக்காம அனுப்பீட்டனுங்க. பொதுக்குழுவுல அத்தனை பேரு முன்னால பேசுனேன், இன்னைக்கு அத்தனை பேரு முன்னால அவரு படத்துக்கிட்ட மன்னிப்புக் கேக்கோணும். உங்களுக்கு அடுத்து என்னையப் பேச விடுங்க" என்றார். தலைவரும் சரி என்றுவிட்டார். எனக்கு அடுத்து அவர்தான் பேசப் போகிறார்.

பெரியோர்களே, அவரை அப்படிப் பேச விட்டுவிட்டு நான் போய் என் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள முடியாது. சொல்ல முடியாமல்தான் இத்தனை நேரம் சுற்றி வளைத்தேன். இப்போது சொல்கிறேன்.

அந்தச் சுற்றறிக்கையை எழுதியவன் நான்.

முழுக்க நான். அண்ணன் அந்த வாரம் பூஜிதாவின் நிச்சயதார்த்தத்துக்காக ஊரில் இல்லை. அறிவிப்பைப் பேப்பரில் பார்த்தேன். எனக்கே ஆசை வந்தது. இரண்டு லேத்தோடு நின்றுபோய்விடக் கூடாது, நாற்பது எச்.பி. பட்டறைக்காரன் என்று பெயர் எடுக்க வேண்டும் என்று இருந்தது. என் அப்பாவுக்குத் தோட்டத்து மோட்டாரின் சுவிட்சைப் போடக்கூட உத்தரவு வேண்டும். அவர் மகன் பெயரில் நாற்பது எச்.பி. இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். அந்த வேகத்தில் எழுதினேன். அறிவிப்பின் முழு ஆணையை நான் படிக்கவில்லை. நிலைக் கட்டணம் பின்னால் உயருமா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. அவசரத்துக்கு என்று அண்ணன் எப்போதும் கையெழுத்துப் போட்டு வைக்கிற சங்கத்தின் வெற்றுத் தாள் இரண்டு அலமாரியில் இருக்கும். அதில் ஒன்றை எடுத்து அச்சடித்து அனுப்பிவிட்டேன். ஊரிலிருந்து வந்த பிறகுதான் அவர் அதைப் படித்தார்.

பொதுக்குழுவில் ஜெரோம் கேட்டபோது நான் மேடையில்தான் இருந்தேன். நான் எழுந்திருக்கவில்லை. அண்ணன் எழுந்தார். கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு அவரிடம் கேட்டேன். "ஏனுங்ணா இப்படிப் பண்ணீட்டீங்க? நாந்தான்னு சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

அவர் சொன்னது இது. "உங்க பேரைச் சொன்னா அப்புறம் லோடைப் பத்தி யாருங்க பேசுவா? உங்களைப் பத்திப் பேசுவாங்க. உங்கப்பா யாரு, எந்தத் தோட்டத்துல இருந்தாருன்னு பேச்சு அங்க போயி நிக்கும். எனக்குன்னா கையாலாகாத செகரட்டரின்னு திட்டுவாங்க, அவ்வளவுதானுங்களே. திட்டுனா திட்டீட்டுப் போறாங்க. நாம அந்த ஃபாரத்தை நிரப்பற வேலையைப் பாக்கலாம் வாங்க."

நான் சரி என்றேன். வாய் திறந்து சரி என்றேன். மூன்று ஆண்டுகள் அவர் வாசலில் நின்று திட்டு வாங்கினார், நான் கோப்பைச் சுமந்துகொண்டு பின்னால் நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது என்னால் தூங்க முடியவில்லை.

அண்ணி, இதை உங்களிடம் தனியாக வந்து சொல்லியிருக்க வேண்டும். இரண்டு தடவை வீட்டுக்கு வந்தேன், சொல்லாமல் திரும்பிவிட்டேன். பூஜிதா, உன் அப்பாவின் பெயரைக் கெடுத்தது அவர் செய்த தவறு அல்ல கண்ணு. என் தவறு. ஜெரோம், நீங்கள் அந்தப் படத்திடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது ஒரு டீக்காக மட்டும்தான். மற்றதெல்லாம் நான் கேட்க வேண்டியது.

இதையும் சொல்லிவிடுகிறேன். நேற்று நிர்வாகக் குழுவில், செயலாளர் இறந்த துக்கத்தில் இருக்கிறோம், இந்த முறை கருத்துக் கேட்புக்குப் போகவேண்டாம் என்று ஒரு யோசனை வந்தது. எல்லோரும் தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன். என் லேத் இரண்டையும் வாங்க ஆள் பார்த்து வைத்திருக்கிறேன். கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். எனக்கு வேலை பார்க்கிற நான்கு பேரிடமும் இன்னும் சொல்லவில்லை. அந்த நால்வரும் சுவரோரமாக நிற்கிறார்கள். இப்போதுதான் கேட்கிறார்கள். சொல்லாமலே போயிருந்தால் அந்தப் பட்டியல் நானூற்றுப் பதினாறு ஆகியிருக்கும்.

நான் லேத்தை விற்கவில்லை. எத்தனை நாள் ஓட்ட முடியும் என்று எனக்குத் தெரியாது. கட்டணம் குறையும் என்றோ, போன ஆர்டர் திரும்பி வரும் என்றோ சொல்ல நான் யார்? வடக்கே கொடுக்கிற சலுகையை இங்கே கொடுப்பார்களா என்றும் தெரியாது. நாம் போய்ச் சொல்லாவிட்டால் கொடுக்கமாட்டார்கள் என்பது மட்டும் தெரியும். செவ்வாய்க்கிழமை யாராவது போக வேண்டும். பாலகோபால் அண்ணனுக்குப் பதிலாகப் பேசப் போகிறவர் பெயரை நாளை மாலை ஐந்து மணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

என் பெயரை எழுதிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். லோடை ஏற்றச் சொல்லி அறுபத்து மூன்று பேருக்கு எழுதியவன் நான், படிக்காமல் எழுதினேன் என்று முதலில் சொல்வேன். அதற்குப் பிறகு சின்னத்தாயியில் தொடங்கிப் பெயர்களைப் படிப்பேன். ஐந்து நிமிடத்தில் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிட்டு மீதியை மேசை மேல் வைப்பேன்.

ஆனால் அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். அன்று என்னை இந்தப் பொறுப்பில் உட்கார வைத்தபோது சிலர் வராமல் இருந்துவிட்டார்கள். இன்று எல்லோரும் இருக்கிறீர்கள். இவன் வேண்டாம், வேறு ஆள் போகட்டும் என்று நினைக்கிறவர்கள் இங்கேயே எழுந்து சொல்லுங்கள். என்ன காரணம் வைத்து வேண்டுமானாலும் சொல்லுங்கள். என் அப்பா யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்டுக்கொள்கிறேன். இந்த முறை எனக்காக எழுந்து நிற்க ஆள் இல்லை.

நன்றி சொல்லி இறங்கவேண்டிய இடம் இது. நான் இறங்கப் போவதில்லை.

சொல்லுங்க. நின்னுக்கிட்டுத்தான் இருக்கறேன்.